நடுவில் ஒன்பது நிமிஷம்

பணிமனையில் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். முப்பத்து நான்கு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒருநாள்கூடத் தாமதமாக வந்தது கிடையாது; ஒருநாள்கூட முன்கூட்டிக் கிளம்பியதும் கிடையாது. இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்பார். தாமதமாக வந்தால் பயணி திட்டுவான், முன்கூட்டிக் கிளம்பினால் திட்டுவதற்குக்கூடப் பயணி இருக்க மாட்டான் என்பது அவர் கட்சி. ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆன பிறகும் காலை நாலரைக்கு எழுந்து சமையலறையில் பாத்திரங்களை உருட்டுவார். "பஸ்ஸைத்தான் விட்டாச்சு, என்னையாவது தூங்க விடுங்களேன்" என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வரும். அந்தக் குரலும் தினமும் ஒரே நேரத்தில்தான் வரும் என்பதை யாரும் அந்த அம்மாளிடம் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு.

"அப்பா, ஞாயித்துக்கிழமை பூங்காவுல குடும்ப விழா. டியூட்டி மாத்திக் கேட்டுப் பாத்துட்டேன், ஆள் இல்லைங்கறாங்க. இவரும் ஊர்ல இல்ல. பசங்க ஒரு மாசமா நாள் எண்ணிட்டு இருக்காங்க. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா? ரெண்டு மணிக்கு நான் நேரா அங்க வந்துடறேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. முப்பத்து நான்கு வருஷம் ஜன நெரிசலில் வண்டி ஓட்டிய மனிதருக்கு ஏழு வயதுப் பேத்தியையும் நான்கு வயதுப் பேரனையும் பூங்காவுக்கு அழைத்துப் போக என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். மனைவியும் அதையேதான் கேட்டாள். பழைய கடன் ஒன்று இருந்தது, பணத்தில் தீராத கடன். சொன்னால்தான் புரியும்.

அந்த விழா வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். ஊர் முழுக்கப் பிள்ளை குட்டிகளோடு பூங்காவுக்குக் கிளம்பிவிடும். ஊர் கிளம்பினால் பேருந்து கிளம்ப வேண்டும், பேருந்து கிளம்பினால் ஓட்டுநர் கிளம்ப வேண்டும். அன்றைக்கு விடுப்பு என்ற பேச்சே பணிமனையில் எடுக்கக்கூடாது. சொந்தக் கல்யாணம் என்றாலும் அடுத்த வாரம் வைத்துக்கொள் என்பார்கள். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த அந்தக் காலத்தில் மனைவிக்கு ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. விழா என்றால் ஓட்டலில் அறைகள் நிரம்பும், அவளுக்கும் விடுப்பு கிடையாது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு. தலைகீழாக நின்றாலும் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அகப்படாது.

எனவே மனிதர் பிள்ளைகளைப் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டார். மேற்பார்வையாளர் மகா கறாரான ஆள். அவர் இரண்டு குழந்தைகளையும் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் காலையிலேர்ந்து இந்தச் சுவரைத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் அனுமதி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை மகளுக்கும் மகனுக்கும் ஆயிற்று.

பூங்கா வாசலிலிருந்து ரயில் நிலையம் போய்த் திரும்பி, மறுபடியும் பூங்கா வாசலுக்கு வந்து சேர எண்பது நிமிஷம். ஒவ்வொரு தடவையும் பூங்கா வாசலில் ஓட்டுநருக்குப் பதினொரு நிமிஷம் ஓய்வு. டீ குடிக்க, காலை நீட்ட, கழிப்பறைக்குப் போய்வர என்று சட்டம் கொடுத்த பதினொரு நிமிஷம். அதை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். வண்டியைப் பூட்டிவிட்டு, வலது கையில் ஒன்று இடது கையில் ஒன்று பிடித்துக்கொண்டு, காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டது போல ஓடுவார். ஒரு தடவை ராட்டினம். ஒரு தடவை பலூன். பத்தாவது நிமிஷம் திரும்பி ஓட்டம். விழாவைப் பதினொரு பதினொரு நிமிஷமாக நறுக்கிப் பார்த்த குடும்பம் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

முதல் வருஷம், பூங்கா வாசலுக்கு ஒன்பது நாற்பதுக்கு வந்த நடையில், முகத்தில் வண்ணம் தீட்டும் இடத்துக்குப் போனார்கள். மகளுக்குப் புலி வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்து வலது கன்னத்தில் புலி வந்து சேர்ந்தபோது பத்து நிமிஷம் முடிந்துவிட்டது. "மிச்சத்தை அப்புறம் போட்டுக்கலாம், வா வா" என்று இழுத்துக்கொண்டு ஓடினார். மிச்சப் புலி வந்தது மத்தியானம் ஒன்று நாற்பது நடையில். அதுவரை நான்கு மணி நேரம் அவள் பாதிப் புலியாகவே ஊரைச் சுற்றினாள். புலிப் பக்கம் பயணிகளுக்குத் தெரியும்படி தலையைத் திருப்பிவைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் கழுத்து சுளுக்கிவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது பொம்மலாட்டம். நிறுத்தத்துக்கு நேர் எதிரிலேயே கூடாரம். முற்பகல் பதினொன்றிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஆட்டம் தொடங்கும், அரைமணி நேரம் நடக்கும். இவர் வண்டி பதினொன்றுக்கு வந்தால் அடுத்தது பன்னிரண்டு இருபதுக்கு வரும். ஆகவே முதல் தடவை ஆட்டத்தின் தொடக்கம் கிடைக்கும். அடுத்த தடவை முடிவு கிடைக்கும். பிற்பகல் மூன்றுக்கும் நாலு இருபதுக்கும் மறுபடியும் அதே தொடக்கம், அதே முடிவு. நடுவில் ஒன்பது நிமிஷம் மட்டும் எந்தக் கணக்கிலும் கிடைக்காது. கால அட்டவணையைக் குப்புறப் போட்டுப் படித்தும் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை.

தொடக்கத்தில் காற்றடித்து ராஜாவின் தொப்பி பறந்துபோகும். முடிவில் ஒரு கழுதை தலையில் அந்தத் தொப்பி இருக்கும். ராஜா கழுதைக்கு மூன்று தடவை குனிந்து வணக்கம் போடுவார். சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த இரண்டும் சிரிக்காமல் முழிக்கும்.

"ராஜா ஏம்ப்பா கழுதைக்கு வணக்கம் சொல்றாரு?" என்று முதல் வருஷம் பின்னால் இருந்து மகள் கேட்டாள். வண்டி பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தது.

அவருக்குக் கதை கட்டும் வழக்கமெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் தலைப்போடு நிறுத்தியவர். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எடுத்துவிட்டார்.

"தொப்பி பறந்து போயி ஒரு பஸ் மேல விழுந்துச்சு. ராஜா ஓடிவந்து பஸ்ல ஏறினாரு. டிரைவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'ராஜாவா இருந்தா எனக்கென்ன, கீழ இறங்கி வரிசையில வாங்க' அப்படின்னாரு."

மகன் கெக்கெக்கென்று சிரித்தான். ராஜா வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் கழுதை நின்றது. கழுதையிடம் டிக்கெட் இருந்தது, ராஜாவிடம் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் ராஜா இறங்கிப் போய் டிக்கெட் வாங்கி வந்தார். அதற்கடுத்த நிறுத்தத்தில் உட்கார இடமில்லாமல் கால் கடுக்க நின்றார். ரயில் நிலையம் வருவதற்குள் கழுதை எழுந்து ராஜாவுக்கு இடம் கொடுத்துவிட்டது. அதற்குத்தான் அந்த வணக்கம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பயணி, இறங்குமிடம் தாண்டிப்போனதைக் கவனிக்காமல் கதை கேட்டுக்கொண்டிருந்து, பிறகு சண்டைக்கு வந்தார்.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் கதையில் இரண்டு நிறுத்தம் கூடும். தன் வாழ்க்கையிலேயே தான் கெட்டிக்காரனாக இருந்தது அந்த மூன்று நாட்களில்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு.

அதற்கடுத்த வருஷம், விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, வேலை முடிந்து மாடிப்படி ஏறிவந்தார். வீட்டு வாசல் நடையில் மகளும் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "நாங்க விழாவுக்குப் போனதே இல்ல. எங்கப்பா எங்கள பஸ்லதான் உக்காத்தி வைப்பாரு" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

படியிலேயே நின்றார். முகம் சுண்டிப்போய்விட்டது. கோபம் வரவில்லை, உண்மைக்கு எப்படிக் கோபப்படுவது? மறுநாளே எதிர்வீட்டு அத்தையிடம் போய், "இந்த வருஷம் எங்க பசங்களையும் உங்களோட கூட்டிட்டுப் போங்களேன், முழுசா பாக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் தங்கமான மனுஷி, உடனே சரி என்றார்.

விழாவன்று முதல் இருக்கையில் பிள்ளைகள் இல்லை. பதினொரு மணி நடையில் ஓய்வு நேரத்துக்கு டீ குடித்தார். நான்கு வருஷத்து விழாக்களில் அந்த வாசலில் அவர் குடித்த முதல் டீ. வாயில் வைக்க வழியில்லை. பதினொன்று பதினொன்றுக்கு வண்டியை எடுத்தார். கண்ணாடியில் பார்த்தால், பொம்மலாட்டக் கூடாரத்து வாசலில் மகளும் மகனும் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஆட்டம் நடக்கிறது, இவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று புரியவில்லை. இடம் கிடைக்கவில்லையா? அழுகிறார்களா? வண்டி நிறைய ஆட்கள். நிறுத்த முடியாது. வளைவு திரும்பியதும் கண்ணாடியில் மரங்கள்தான் இருந்தன. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. கேட்டால் எதையாவது சொல்லிவிடுவாளோ என்ற பயம். பிறகு பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், விழாவையே மறந்தார்கள். அவர் மறக்கவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அவ்வளவு பெரிய நாள். மகளுக்குக் கொடுக்காத முழு விழாவை மகளின் பிள்ளைகளுக்காவது கொடுத்துவிட வேண்டும். ஒன்றும் பிசகக் கூடாது. தண்ணீர், துண்டு, தொப்பி, மாற்றுச் சட்டை என்று பையை அடைத்துக்கொண்டு, ஒன்பதரைக்குத் திறக்கும் பூங்காவுக்கு ஒன்பதே காலுக்குப் பேரன் பேத்தியோடு போய் நின்றார்.

மனிதர் என்னவோ முழு நாளையும் கொடுக்கத்தான் வந்தார். அவர் கால்களுக்கு அது தெரியவில்லை. ராட்டினத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆனதும் முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன. "போலாம் போலாம்" என்று இருவரையும் இறக்கினார். மணல் குழியில் பேரன் அப்போதுதான் ஒரு எறும்பைச் சிநேகம் பிடித்திருந்தான். பத்தாவது நிமிஷம் அவனையும் தூக்கிவிட்டார். எறும்புக்குக் கையசைக்கக்கூட நேரம் தராத தாத்தா என்று அவன் ஒரே அழுகை. வண்ணம் தீட்டும் இடத்தில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பேத்திக்கு வண்ணத்துப்பூச்சி இரண்டு கன்னத்திலும் முழுதாக வந்து முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் பிடித்தார் ஓட்டம்.

"தாத்தா, நாம எங்கயாவது போகணுமா?" என்று பேத்தி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இல்லியேம்மா."

"அப்ப ஏன் ஓடறோம்?"

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்று நிமிஷம் கழித்துக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பேத்தி அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குக் கூடாரத்தில் முன்வரிசை கிடைத்தது. பழைய பொம்மலாட்டக்காரர் இப்போது இல்லை, அவர் மகள் நடத்துகிறாள். பொம்மைகளுக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள், கதை அதே கதைதான். விளக்கு அணைந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பேரப்பிள்ளைகளுக்காக மட்டும் அவர் அங்கே உட்காரவில்லை. அந்த ஒன்பது நிமிஷத்தில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க முப்பத்தோரு வருஷமாகக் காத்திருந்தார்.

காற்றடித்தது. தொப்பி பறந்தது. பதினோராவது நிமிஷம் முழங்கால்கள் நிமிர்ந்தன. பேத்தி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். திரை மாறியது. மந்திரி வந்தார், முரசு அறைந்தார்கள். தொப்பியைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு ராஜாவே மூன்று தடவை வணக்கம் சொல்வார் என்று அறிவித்தார்கள். ஆளாளுக்குத் தேடினார்கள். ஒழுங்கான கதைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. முன்னதற்கும் பின்னதற்கும் கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு.

பேரன் அவர் மடியில் நெளிந்தான். "தாத்தா, பஸ் எப்ப வரும்?"

"அதுக்குள்ள வீட்டுக்கா? ஆட்டம் முடியட்டும், கண்ணு."

"அந்த பஸ் இல்ல தாத்தா. ராஜா ஏறுவாரே, அந்த பஸ்."

அவர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம் பேத்தி எரிச்சலோடு காதருகே வந்தாள். "இவங்க தப்பா போடறாங்க தாத்தா. ராஜா டிக்கெட் இல்லாம ஏறுவாரு. 'ராஜாவா இருந்தா எனக்கென்ன, கீழ இறங்கி வரிசையில வாங்க'ன்னு டிரைவர் சொல்வாரு. கழுதைதான் சீட் குடுக்கும். அம்மா தினமும் சொல்வாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

அதன்பிறகு மேடையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. கழுதை வந்ததும் சனங்கள் சிரித்ததும் காதில் விழுந்தன. துண்டு பைக்குள் எங்கோ அடியில் கிடந்தது. பேரனின் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் இரண்டு பத்துக்கு வந்தாள். பத்து நிமிஷத் தாமதம். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். ஆஸ்பத்திரிச் சீருடையோடு வியர்த்து விறுவிறுத்து வந்தவளைப் பிள்ளைகள் இருவரும் கட்டிக்கொண்டு புகார் கொடுத்தார்கள். பொம்மலாட்டத்தில் கதையை மாற்றிவிட்டார்கள், பேருந்தையே காணோம். அவள் சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் புல்லில் உருள ஆரம்பித்த பிறகு, ஷூவின் கயிற்றைப் பார்த்தபடியே கேட்டார். "ஒருதரம் நீ எதிர்வீட்டுப் பசங்ககிட்ட சொன்ன. விழாவுக்குப் போனதே இல்ல, எங்கப்பா பஸ்லதான் உக்காத்தி வைப்பாருன்னு. படியில நின்னு கேட்டேன்."

"சொல்லியிருப்பேன். கோவத்துலதான் சொல்லியிருப்பேன். எல்லாரும் முழுப் புலி, நான் மட்டும் பாதிப் புலின்னா கோவம் வராதா? கழுத்து வேற ரெண்டு நாள் திரும்பல." பிறகு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அதுக்காக எங்கள பஸ்லேர்ந்து இறக்கி விட்டுடறதாப்பா?"

"முழுசா பாக்கட்டுமேன்னுதான்..."

"எங்க பாத்தோம்? அன்னிக்கு அத்தை எங்கள முன்னாடி உக்காத்தி வெச்சாங்க. தொப்பி பறந்துச்சு. அதுக்கப்புறம் பாத்தா நம்ம கதை போயிடுமேன்னு, நான் தம்பியை இழுத்துட்டு வெளிய வந்துட்டேன். பஸ் நிக்கும்னு நெனச்சேன். நீங்க அப்பதான் கிளம்பிட்டீங்க. மணிக்கூண்டாச்சே, ஒரு நிமிஷம் நின்னாதான் என்ன?" சிரிக்கப் பார்த்தாள், பாதிதான் வந்தது. "ஆட்டம் முடியற வரைக்கும் வாசல்லயே நின்னோம். அத்தைகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"கண்ணாடியில பாத்தேன்" என்றார். "அழறீங்களோன்னு நெனச்சேன்."

"கை காட்டினோம்ப்பா."

அவர் தலையாட்டினார். எவ்வளவு தூரத்தில் இருந்தால் கண்ணாடியில் கையசைப்பு தெரியாது என்று கணக்குப் போடப் பார்த்தார், மனம் ஓடவில்லை. மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

மூன்று மணி ஆட்டத்துக்கு நான்கு பேரும் போனார்கள். இரண்டாம் முறை பார்க்க மாட்டேன் என்று பேரன் அடம்பிடித்தான், மகள்தான் சமாதானம் செய்து அழைத்துப் போனாள். காற்றடித்தது, தொப்பி பறந்தது. பதினோராவது நிமிஷம் அவர் முழங்கால்கள் நிமிர்ந்தன. வழக்கம்போல உட்காரப் போனவரின் கையை மகள் பிடித்தாள். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"வாங்கப்பா. டேய், நீயும் வா. சத்தம் போடாம வாங்க."

பின்வரிசைக்காரர்கள் முணுமுணுக்க, நான்கு பேரும் குனிந்தபடியே வெளியே வந்தார்கள். கூடாரத்து வாசலில் வெயில். எதிரே நிறுத்தத்தில் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மணிக்கூண்டு சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை பேத்தி தடுக்கவில்லை.

"ஒன்பது நிமிஷம் இருக்கு" என்றார் அவர். "தொப்பி பறந்து போச்சா? போயி எங்க விழுந்துச்சு?"

"பஸ் மேல!" என்று மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. அதில் பெரிய குரல் மகளுடையது.